முழங்காலுக்குப் போட்ட புள்ளி

வலி பொறுப்பதில் நான் கெட்டிக்காரி என்று ஒரு நினைப்பு. ரம்புக்கனைப் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து, விடியுமுன் பால்வெட்டப் போன அம்மாவைப் பார்த்து வளர்ந்தவளுக்கு முழங்கால் மாற்று ஒப்பரேஷன் எம்மாத்திரம்!

முதல் நாள் ராத்திரி வலியே இல்லை. தொடையில் நரம்புக்குப் பக்கத்தில் விறைப்பதற்குப் போட்ட ஊசியின் புண்ணியம் அது. என் தைரியமாக்கும் என்று நினைத்து, தங்கச்சிக்குப் போன் போட்டு, "இதுக்கா இப்பிடிப் பயந்தீங்க?" என்றேன். ஊசி இறங்குமுன் மாத்திரை போடச் சொல்லியிருந்தார்கள். அதைத் தலையணைக்கடியில் ஒளித்தேன். மறுநாள் முழங்கால் விழித்துக்கொண்டது.

பூச்சியத்திலிருந்து பத்துக்குள் வலி எத்தனை என்று மிஸ்ஸி கேட்டார். எட்டு இருக்கும். "மூணு மிஸ்ஸி" என்றேன். காலமெல்லாம் பிள்ளைகளுக்குப் புள்ளி போட்ட டீச்சர், சொந்த முழங்காலுக்குப் போட்டது பொய்ப் புள்ளி. மூன்றுக்கு உரிய மருந்துதான் வந்தது: வெறும் பரசிட்டமோல்.

முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்த டொக்டர் விளக்கினார். ஒரே மருந்தை அள்ளிக் கொடுப்பதில்லையாம். பரசிட்டமோல், சிறுநீரகமும் வயிறும் இடம் கொடுத்தால் வீக்கத்துக்கு ஒரு மாத்திரை, தேவைப்பட்டால் சில நாளைக்கு மட்டும் மொர்பின் வகை, கூடவே ஐஸ். சேர்த்துக் கொடுத்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம் போதும். நீராவி எஞ்சின் காலத்தில் கடுகண்ணாவ ஏற்றத்துக்கு எங்கள் ரம்புக்கனை ஸ்டேஷனில் இன்னொரு எஞ்சின் பூட்டித்தானே ரயிலை ஏற்றினார்கள்! 44 அடிக்கு ஓரடி ஏறும் பாதை. அந்த ஊர்க்காரியே ஒற்றை எஞ்சினில் ஏறப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு வேறு கூத்து. ஆஸ்பத்திரி உறையில் பரசிட்டமோல், கடையில் வாங்கியது பனடோல். இரண்டும் ஒரே மருந்தென்று தெரியாமல் மாற்றி மாற்றிப் போடப் போனேன். மருமகள் பிடுங்கிக்கொண்டாள். 500 மில்லிகிராம் மாத்திரை நாளுக்கு எட்டைத் தாண்டினால் ஈரலுக்கு ஆபத்தாம்.

ஐஸ் கட்டி தீர்ந்த அன்று பேரனின் ஐஸ் பக்கெட்டைத் துவாயில் சுற்றிக் காலில் வைத்தேன். உறை பொத்தல். சிவப்புச் சாயம் துவாயில் ஊற, பேரன் ரத்தமென்று அலற, வீடே கூடிவிட்டது. எறும்புகளும் வந்தன.

முழங்காலுக்கடியில் தலையணை வைத்தால் எவ்வளவு சுகம்! அந்தச் சுகத்தில் கால் நிமிராமலே போகுமாம். குதிகாலுக்கடியில் வை என்று பிசியோ அதட்டினார். பயிற்சிக்கு அரைமணி முன்பே மாத்திரை போடவும் சொன்னார். வலி அடங்கினால்தான் முழங்கால் மடங்கும், மடக்கினால்தான் புதுமூட்டு உழைக்கும். மாத்திரையை ஒளித்த வீராங்கனை அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இப்போது நன்றாக நடக்கிறேன். வெட்டியது டொக்டர், வலி அடக்கியது மருந்து, மடக்கவைத்தது பிசியோ. எல்லோருக்கும் குறுக்கே நின்றதுதான் என் பங்கு. ஆனாலும் கோயிலில் யாராவது விசாரித்தால், "எல்லாம் மனத்தைரியம்தான்" என்றுதான் வாயில் வருகிறது.