கயிறு யாரு கையில?

அனுப்புநர்: காட்சித் தொடர்பியல் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஐந்து பேர், தூத்துக்குடி.
பெறுநர்: படப்பிடிப்பு அனுமதிக் கோப்புகள் உறங்கும் மேசை.
பொருள்: பதினைந்து நிமிடக் குறும்படம் – இடம் பார்த்தது – ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் மூன்று முறை திரும்பி வந்தது – நான்காம் முறை சமர்ப்பித்தல் – தொடர்பாக.

ஐயா,

தங்களுடைய பதினோரு பக்கப் படிவத்தைப் பயபக்தியுடன் நிரப்பி அனுப்புகிறோம். போன முறை ‘தளத்தின் கதவு எண், தெரு’ என்ற இடத்தில் ‘கடல்’ என்று எழுதியதற்காகத் திருப்பிவிட்டீர்கள். தவறு எங்களுடையதுதான். இம்முறை பத்திரம் எழுதுகிற ஒருவரிடம் உட்கார்ந்து முறையாகச் செக்குபந்தியே போட்டுவிட்டோம்: இலங்கைக்கு மேற்கு, திரேஸ்புரத்துக்குக் கிழக்கு, முயல் தீவுக்கு வடக்கு, வான் தீவுக்குத் தெற்கு, இதற்குட்பட்ட தண்ணீர். பட்டா கிடைக்கவில்லை. வில்லங்கம் நிறைய இருக்கிறது. வேண்டுமானால் தனித்தாளில் தருகிறோம்.

‘தீயணைப்பு வண்டி வந்து திரும்ப இருபது அடிப் பாதை உண்டா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. பாதை தாராளம், வண்டிதான் மிதக்க வேண்டும்.

முயல் தீவுக்குப் படகில் போக லைஃப் ஜாக்கெட் கணக்குக் கேட்டீர்கள். நாங்கள் பைக்கில் போனோம். துறைமுகம் வந்த பிறகு அது கரையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, காணும் பொங்கலுக்கு ஊரே அங்கே போகிறது. முயலும் எங்கள் கண்ணில் படவில்லை. விலாங்குசல்லித் தீவு கதையோ நேர் எதிர். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்றான அது, பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் கடலுக்குள்ளேயே போய்விட்டது. தங்கள் பட்டியலில் மட்டும் இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. அங்கே ‘நடந்து செல்லும்போது இடறி விழும் அபாயம்’ இல்லை என்று உறுதி கூறுகிறோம்.

வானிலைச் சான்றை முப்பது நாள் முன்பே வாங்கி இணைக்கச் சொல்கிறீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நவம்பரில் விண்ணப்பித்திருந்தால் எங்களுக்கும் ‘லேசான மழை’ என்று முத்திரை குத்திய தாள் கிடைத்திருக்கும். துறைமுகத்தில் எத்தனையாம் நம்பர் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பது எங்கள் தெருவில் மீன் விற்கிற ஆச்சிக்குத் தெரியும். ஆனால் ஆச்சியிடம் ரப்பர் ஸ்டாம்ப் இல்லை.

உப்பளத்துக்கும் போய்ப் பார்த்தோம். நண்பகலில் அந்த வெள்ளையில் கேமராவின் திரையே தெரியவில்லை. அங்கே நாள் முழுக்க உப்பு வாரும் பெண்களின் கண் என்ன ஆகும் என்று படிவம் கேட்கவில்லை. கிருமிநாசினி எத்தனை பாட்டில் என்று கேட்கிறது. ஐந்து.

கேலி பேசுகிறோமே தவிர எங்களுக்கும் பயம் உண்டு. 2020 பிப்ரவரியில் சென்னைக்கு அருகே ‘இந்தியன் 2’ தளத்தில் கிரேன் சரிந்து மூவர் இறந்தார்கள், அதில் ஒருவர் உதவி இயக்குநர். நாங்கள் படித்து முடித்துப் போய்ச் சேர நினைக்கிற வேலை அது. ஆகவே யாராவது எங்களைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்பதில் மறுப்பில்லை. தடுக்கிறவருக்குக் கடல் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி ஒருவர் திரேஸ்புரத்தில் இருக்கிறார். எங்கள் படமே அவரைப் பற்றியதுதான். எண்பதைத் தொடுகிற தாத்தா. இந்தக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்த 1961இல், மீசை முளைக்காத பையனாகத் தோணியில் நின்று அக்காள் புருஷனுக்குக் கயிறு பிடித்தவர். பிற்பாடு சங்கு குளித்தவர். ஒத்திகைக்காக விடியற்காலை ஐந்தரைக்குப் போனோம். கணுக்கால் வரை இறங்கினார். கொஞ்ச நேரம் நீவாட்டை, அதாவது நீரோட்டத்தைப் பார்த்தார். ஒரு கை தண்ணீரை அள்ளி வெளிச்சத்தில் பிடித்து, விரலிடுக்கில் வழியவிட்டார். “ஏல, கலங்கிக் கெடக்கு. இன்னைக்கு எவனும் எறங்கக் கூடாது” என்றார். பிறகு எங்கள் கேமராமேனைப் பார்த்து, “அதிருக்கட்டும், ஒனக்குக் கயிறு யாரு கையில?” என்று கேட்டார். அவ்வளவுதான் ஆபத்து மதிப்பீடு. இரண்டு நிமிடம் ஆனது.

கயிறு விஷயத்தை விளக்க வேண்டும். பத்துப் பாகம் ஆழத்தில் முத்துப் பாரின் மேல் மூச்சடக்கிக் கிடப்பவனின் உயிர், மேலே தோணியில் கயிறு பிடிப்பவன் கையில் இருக்கிறது. அதனால் மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கை அசந்தால் தாலி இழப்பது அவனுடைய சொந்த அக்காளோ தங்கையோ. இதைவிடக் கறாரான பாதுகாப்பு விதியைத் தங்கள் பதினோரு பக்கத்தில் தேடினோம், அகப்படவில்லை.

அந்தக் காலத்து அரசாங்கமும் பாதுகாப்புக்கு ஆள் வைத்திருந்தது. கடல்கட்டி என்று பெயர். மந்திரம் ஓதிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் வேலை, அதற்குக் கூலியும் உண்டு. தங்கள் படிவத்தைப் படித்தபோது அந்தப் பதவி ஒழியவில்லை, ஓலையிலிருந்து காகிதத்துக்கு மாறியிருக்கிறது என்று தெரிந்துகொண்டோம். ஒரு வித்தியாசம்: கடல்கட்டி குளிப்பு முடியும்வரை இடத்தை விட்டு நகரமாட்டார். தாங்கள் இதுவரை கடற்கரைப் பக்கம் வந்ததாகத் தெரியவில்லை.

எனவே 23ஆம் கேள்வியில், ‘பாதுகாப்பு அலுவலர்’ என்ற இடத்தில் ‘மச்சான்’ என்றும், ‘கல்வித் தகுதி’ என்ற இடத்தில் ‘கூடப்பிறந்தவளின் தாலி’ என்றும் நிரப்பியிருக்கிறோம். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. எங்கள் கேமராமேனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கயிற்றை நானே பிடிக்கிறேன் என்று தாத்தா சொல்லிவிட்டார். அறுபது வயதுக்கு மேற்பட்டோர் தளத்தில் இருக்கக் கூடாது என்று தங்கள் 24ஆம் கேள்வி சொல்கிறது. விதியைத் தளர்த்துவீர்களா, பெண் பார்த்துத் தருவீர்களா என்பதை விரைவில் தெரிவிக்கக் கோருகிறோம். தண்ணீர் தெளிந்தால் அதிக நாள் அப்படி நிற்காது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள ஐவர்.

இணைப்பு: படிவம், மூன்று நகல். கயிறு, ஒரு பாகம், மாதிரிக்கு.