கோடியின் மீதி: ஓர் ஆய்வு

கோடி என்றால் தெருவின் கடைசி. கோடி என்றால் புதுத்துணி. இவ்விரண்டையும் மொழியறிஞர்களிடம் விட்டுவிட்டு, மூன்றாவது பொருளான 1,00,00,000-ஐ மட்டுமே இவ்வாய்வு எடுத்துக்கொள்கிறது. ‘உனக்குக் கோடிப் புண்ணியம்’ என்று அதை வாரி வழங்கியவர்கள் உண்டு. உட்கார்ந்து வகுத்துப் பார்த்தவர்கள் குறைவு. ஆய்வாளரிடம் கோடி இல்லாமையால் சோதனைகள் யாவும் தாளிலேயே நடந்தன.

முதலில் குலம் கோத்திரம். ஏழு இரண்டுகளையும் ஏழு ஐந்துகளையும் பெருக்கினால் கோடி. வேறு பகா எண் எதுவும் அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. ஆயினும் காரணிகள் மொத்தம் 64. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில், கீழே மிக நெருங்கிய பகா எண் 99,99,991, மேலே 1,00,00,019. இடைப்பட்ட எண்கள் 27. கலைகள் அறுபத்து நான்கு, நட்சத்திரங்கள் இருபத்தேழு! தற்செயல் என்பார்கள் கணக்கு வாத்தியார்கள். சோதிடர்களின் கருத்து இன்னும் கேட்கப்படவில்லை.

கோடிக்கு ஒன்று குறைந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: தொண்ணூற்றொன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. ஒரு ரூபாய் சேர்ந்ததும் இரண்டே எழுத்து. பணம் கூடினால் பேச்சு குறையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஐந்நூறு ரூபாய்த் தாள்களாக மாற்றி நீளவாக்கில் அடுக்கினால், தாளுக்கு 150 மில்லிமீட்டர் வீதம் 20,000 தாள், சரியாக 3 கிலோமீட்டர். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை.

இனி ஆய்வின் மையம்: பாகப்பிரிவினை. இருவர், நால்வர், ஐவர், எண்மர் என்றால் சண்டையில்லை. அண்ணன் தம்பி மூவரானால் ஆளுக்கு 33,33,333. நடுக்கூடத்தில் ஒரு ரூபாய் மிஞ்சிக் கிடக்கும். ஒன்பது பேரானாலும் அதே ஒரு ரூபாய்தான். மூவருக்கு வகுபடாதது ஒன்பது பேருக்கு மட்டும் எப்படி வகுபடும்? கிரிக்கெட் அணிக்குக் கதை தலைகீழ். பதினொருவருக்கும் தலா 9,09,091 கொடுக்கப் போனால் தேவை 1,00,00,001. கடைசி ஆட்டக்காரருக்கு ஒரு ரூபாய் துண்டு விழும்.

தீர்வு கண்ணெதிரே இருக்கிறது. அண்ணன் தம்பிகளின் உபரி ரூபாயை அணியிடம் கொடுத்தால் இரு கணக்கும் நேராகிவிடும். பெரியவர் சம்மதித்தார். நடுவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். கடைக்குட்டி மட்டும், அந்த ரூபாய் அம்மா தனக்கென்று வைத்தது என்று சொல்லிவிட்டு வக்கீலைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். வக்கீலின் கட்டணம் கோடியின் 64 காரணிகளில் ஒன்றாக இருக்குமா என்பது அடுத்த ஆய்வுக்கு உரியது.