ஐம்பதும் ஐம்பதும் எண்பது

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் ஊன உதவித்தொகை வாங்க, கிழிந்த முழங்கால் மட்டும் போதாது. அது கிழிந்ததற்குக் காகிதமும் வேண்டும். பாராசூட்டில் குதித்து விழுந்த அன்று முகாம் மருந்தாளர் கிறுக்கியது இவ்வளவுதான்: ‘வலி. மாத்திரை கொடுத்தாச்சு. பணிக்குத் திரும்பலாம்.’ நூற்றுக்கணக்கான பக்கங்களில் இந்த வரியைத் துழாவி எடுத்தவர் பிழைத்தார். முனகாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற மாவீரர் பாடுதான் திண்டாட்டம். பல்லைக் கடித்ததற்கு யார் ரசீது தருவார்கள்? 1973-இல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத் தீயில் 1.6 கோடிக்கும் மேற்பட்ட படைவீரர் கோப்புகள் கருகிப்போயின. அந்தக் கோப்புகளுக்கு உரியவர்களின் கதை தனி.

காகிதம் கிடைத்த புண்ணியவானுக்கு அடுத்து கணக்குப் பாடம். மனவடுவுக்கு 50 சதவீத ஊனம், ஒற்றைத் தலைவலிக்கு 50 சதவீத ஊனம் என்றால் நூறு என்று துள்ளக்கூடாது. முதல் ஐம்பது போக மிஞ்சிய பாதி உடம்புக்குத்தான் இரண்டாவது ஐம்பது. ஆக 75. அதைப் பத்தின் மடங்காக்கி, பெரிய மனசோடு 80 என்பார்கள். பாக்கி 20 சதவீதம் ஆள் திடகாத்திரமாக இருக்கிறாராம்.