பிரிக்காதே, விலை போகும்

பிள்ளைகளுக்கென்று செய்த சாமானைப் பிள்ளைகள் கைபடாமல் பூட்டி வைத்துக் காசு பார்க்கும் வித்தைக்கு மூலகாரணம் சிகரெட். 1880களில் அமெரிக்க சிகரெட் மெல்லிசுக் காகிதப் பொட்டலத்தில் வந்தது. சட்டைப் பையில் வைத்தால் நசுங்கும். நசுங்காமலிருக்க உள்ளே ஓர் அட்டையைச் செருகினார்கள். அட்டை வெறுமனே இருக்கிறதே என்று நடிகை, குத்துச்சண்டைக்காரர், பேஸ்பால் ஆட்டக்காரர் என்று படம் அச்சடித்தார்கள். அப்பன் புகையை இழுத்தான், மகன் அட்டையை இழுத்தான். இரண்டு பேருக்கும் பழக்கம் பிடித்துக்கொண்டது.

1909இல் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி அச்சடித்த வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்றொரு ஆட்டக்காரர் உண்டு. அவர் படத்தை அச்சடிக்க வேண்டாமென்று தடுத்துவிட்டார். பிள்ளைகள் புகையிலை வாங்கக் கூடாதென்ற நல்ல மனசுதான் காரணம் என்று ஒரு கட்சி. கம்பெனி காசு தரவில்லை, அதுதான் காரணம் என்று எதிர்க்கட்சி. மனுஷன் தானே புகையிலை மென்றவர் என்பதால் எனக்கு எதிர்க்கட்சிமேல்தான் சாய்வு. எதுவானால் என்ன, அச்சான கொஞ்ச அட்டைகள் மட்டும் வெளியே போயின. அதில் ஒன்று 2022 ஆகஸ்டில் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது. கோபித்துக்கொண்டு அச்சை நிறுத்தினால் இவ்வளவு லாபமென்று தெரிந்திருந்தால் எங்கள் மும்பை சீத்தா கேம்ப் ஃபிளெக்ஸ் போர்டு தலைவர்களில் பாதிப் பேராவது கோபித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த வாக்னர் அட்டைகளிலேயே இன்னொன்றின் கதை இதைவிட ருசி. 1991இல் ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கி கூட்டுச் சேர்ந்து அதை 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். அட்டைகளுக்கு மார்க் போட அப்போதுதான் கடை திறந்திருந்த பிஎஸ்ஏ நிறுவனம், தான் போட்ட முதல் மார்க்காக அதற்கு 10க்கு 8 கொடுத்தது. நூறு வருஷம் ஆகப் போகிற அட்டைக்கு ஓரங்கள் எப்படி இவ்வளவு கூர்மை என்று எல்லோரும் வாய் பிளந்தார்கள். ஓரத்தை வெட்டிச் சீராக்கியது நான்தான் என்று 2013இல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார் ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ. ஆக, அந்தக் கம்பெனி திருத்திய முதல் பேப்பரே காப்பி அடித்தது.

சிகரெட்டுக்குப் பிறகு பபிள்கம் வந்தது. புருக்ளினில் டாப்ஸ் என்ற கம்பெனி. அங்கே வேலை பார்த்த சை பெர்கர், வீட்டுச் சமையலறை மேசையில் கத்தரிக்கோலும் அட்டையுமாக உட்கார்ந்து, உட்டி கெல்மன் என்பவரோடு சேர்ந்து 1952ஆம் வருஷத்து அட்டைகளை வடிவமைத்தார். முன்பக்கம் வண்ணப் படம், பின்பக்கம் ஆட்டக்காரரின் கணக்கு வழக்கு. இன்றைக்கும் எல்லா ஆட்ட அட்டைக்கும் அதுதான் அச்சு. மொத்தம் 407 அட்டை, தொகுதி தொகுதியாக விட்டார்கள். கடைசித் தொகுதி கடைக்கு வந்தபோது பேஸ்பால் பருவம் முடியப் போகிறது, பிள்ளைகள் அமெரிக்கக் கால்பந்துக்குத் தாவியாயிற்று. தீபாவளிக்கு மறுநாள் வந்திறங்கிய பட்டாசை எந்தப் பிள்ளை வாங்கும்? பெட்டி பெட்டியாகக் கிடங்கில் தேங்கியது. அந்தக் கடைசித் தொகுதியின் முதல் அட்டை, 311ஆம் நம்பர், மிக்கி மேன்டில்.

எட்டு வருஷம் தேங்கிக் கிடந்தது. பெர்கர் திருவிழாக் கடைக்காரர்களிடம் போய்க் கெஞ்சினார்: ஒரு சென்ட்டுக்குப் பத்து அட்டை. வேண்டாம் என்றார்கள். கிடங்கில் இடம் வேண்டும். 1960இல் பெட்டிகளையெல்லாம் குப்பைப் படகில் ஏற்றி, இழுவைக் கப்பலைக் கட்டி, அட்லாண்டிக் கடலுக்குள் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, பிற்காலத்தில் அவரே வாய் நிறையச் சொன்ன கதை இது.

கடலுக்குத் தப்பிய சரக்கும் இருந்தது. 1986இல் 'மிஸ்டர் மின்ட்' என்று தனக்குத் தானே பட்டம் கொடுத்துக்கொண்ட ஆலன் ரோஸன் என்ற வியாபாரி, பாஸ்டன் பக்கம் ஒரு வீட்டில் 1952 அட்டைகள் ஆயிரக்கணக்கில் கைபடாமல் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதிலிருந்த ஒரு மேன்டிலை 1991இல் 50 ஆயிரம் டாலருக்கு விற்றார். 2022 ஆகஸ்டில் அதே அட்டை 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 100 கோடி ரூபாய். ஒரு சென்ட்டுக்குப் பத்து என்று கொடுத்தபோது கசந்த சரக்கு.

இந்த விலைக்கு யார் காரணம்? நான் அம்மாக்களைச் சொல்வேன். 1950களின் அமெரிக்கப் பையன்கள் அட்டையைச் சைக்கிள் சக்கரத்துக் கம்பியில் சொருகிப் படபடவென்று சத்தம் கிளப்பினார்கள், சுவரோரம் சுண்டி விளையாடினார்கள், ரப்பர் பேண்டால் கட்டி ஓரத்தை மடக்கினார்கள். மிச்சத்தை, பையன் காலேஜுக்குப் போன மறுவாரம் அம்மா குப்பையில் போட்டாள். பெர்கரின் படகைவிட அந்த அம்மாக்களின் முறம் பெரியது.

என் அம்மாவும் அந்த ஜாதிதான். 90களில் பிக் ஃபன் பபிள்கம்மோடு கிரிக்கெட் ஆட்டக்காரர் படம் வந்தது. அதில் ரன்னும் விக்கெட்டும் போட்டிருக்கும், சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் விரலால் தள்ளினால் ஆட்டம் ஓடுகிற குட்டிப் புத்தகம் கிடைக்கும். பிறகு மல்யுத்த டிரம்ப் கார்டு. உயரம் கேட்டால் ஜயண்ட் கொன்சாலஸ், எடை கேட்டால் யோக்கோசுனா. இரண்டும் கையில் இருந்தவன் எங்கள் செக்டரில் பெரிய மனுஷன். அந்தச் சொத்தையெல்லாம் ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் அம்மா பங்கார்வாலாவிடம் எடைக்குப் போட்டுவிட்டாள், பழைய 'தினத்தந்தி'யோடு சேர்த்து.

அவளைக் குறை சொல்ல முடியாது. சேர்த்து வைக்கிற பழக்கம் இந்த ஊர்க்காரர்களுக்கு எப்படி வரும்? 1976இல் எமர்ஜென்சி நேரத்தில் அணு ஆராய்ச்சி நிலையத்துக்காரர்களுக்கு இடம் வேண்டுமென்று மான்கூர்து பக்கம் இருந்த ஜனதா காலனியைக் காலி செய்து, அத்தனை குடும்பத்தையும் கழியோரச் சேற்றில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதுதான் சீத்தா கேம்ப். ஆளுக்கு 10க்கு 15 அடி. அந்த அளவில் மனுஷன் படுப்பதா, யோக்கோசுனா படுப்பதா?

கலெக்டர் ஆபீஸ் கணக்கில் வராத ஒரு பொட்டலச் சேகரிப்பு, காலி செய்வதற்கு முன் அந்த ஜனதா காலனியில் நடந்திருக்கிறது. கோலார் தங்கவயலிலிருந்து பம்பாய் வந்த ஜோக்கின் அற்புதம், பின்னாளில் மகசேசே விருது வாங்கியவர், அப்போது இளவட்டம். முனிசிபாலிட்டி குப்பை அள்ள வருவதில்லை. காலனிப் பிள்ளைகளைத் திரட்டி, ஆளுக்கொரு பொட்டலமாகக் குப்பையைப் பேப்பரில் கட்டிக் கொடுத்து, ஊர்வலமாகக் கூட்டிப் போய் முனிசிபல் ஆபீஸ் வாசலில் போடச் சொன்னார். கட்டின பொட்டலம் பிரிந்த இடத்தில்தான் அதற்கு மதிப்பு. குப்பை லாரி வந்துவிட்டது. பேஸ்பால்காரர்கள் நேர் எதிர்க் கொள்கை.

அவர்கள் கொள்கை எப்படி வளர்ந்தது என்றால், 80களில் பழைய அட்டைக்குக் கிடைத்த விலை பேப்பரில் வந்தது. அமெரிக்கா முழுக்க அப்பாக்கள் விழித்துக்கொண்டார்கள். இனி எந்த அம்மாவும் முறத்தைத் தொடக் கூடாது! பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே அடுக்கினார்கள், மகன் படிப்புக்கு ஆகுமென்று. கம்பெனிகளும் சளைக்காமல் அச்சடித்தன. 1987 முதல் 1993 வரையிலான சரக்கை இன்றைக்கு 'ஜங்க் வாக்ஸ்' என்பார்கள். மெழுகுக் காகிதக் குப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் பத்திரமாக வைத்தார்கள், அதனாலேயே எவனுக்கும் விலை இல்லை. சீல் உடைக்காத பெட்டிகள் பலவும் இன்றும் சல்லிசாகக் கிடைக்கும். டாப்ஸ் பெட்டி பலவற்றின் உள்ளே முப்பது வருஷம் தாண்டிய பபிள்கம்மும் இருக்கும். 1992இல்தான் டாப்ஸ் அதை நிறுத்தியது, அதுவும் அட்டையில் கறை படிகிறதென்று சேகரிப்பாளர்கள் அழுததால். அதை எடுத்து மென்று பார்க்கும் வீரர்களும் இருக்கிறார்கள். கண்ணாடித் துண்டு போல வாயில் நொறுங்குமாம்.

அந்தக் குப்பையிலும் ஓரிரண்டு பேர் கரை சேர்ந்தார்கள். 1989இல் ஃபிளியர் கம்பெனி, பில்லி ரிப்கன் என்பவர் மட்டையின் அடிப்பிடியில் எழுதியிருந்த கெட்ட வார்த்தையைக் கவனிக்காமல் படமாகவே அச்சடித்து விட்டது. கறுப்பு அடித்தார்கள், வெள்ளை பூசினார்கள், கிறுக்கினார்கள். பூசின ஒவ்வொரு விதமும் தனித்தனிச் சரக்காகி, திட்டுக்கும் திட்டை மறைத்ததற்கும் சேர்த்து விலை வந்தது.

சீலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெழுகுக் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, நல்லதை உருவிக்கொண்டு, இளஞ்சூட்டில் அழுத்தினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டி வைத்திருந்தவனெல்லாம் ஃபேக்டரி முதலாளி. அதனால்தான் 1989இல் அப்பர் டெக் கம்பெனி வந்தபோது பிரித்தால் காட்டிக்கொடுக்கும் ஃபாயில் உறையும் அட்டையில் ஹோலோகிராமும் போட்டது. பெட்டியைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் உறை அதைவிட லேசு. ஸ்வீட் கடையில் அரைக் கிலோ மைசூர்பாக்கை இறுக்கித் தருகிற அதே சுருங்கும் தாள்தான். ஆகவே உறையின் மடிப்பு எந்தப் பக்கம், தையல் எங்கே ஓடுகிறது, கம்பெனி பெயர் தாளில் அச்சாகியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, 'ஆமாம், இதை எவனும் திறக்கவில்லை' என்று எழுதித் தர ஆட்கள் உண்டு. அந்தச் சான்றின்மேல் இன்னொரு பிளாஸ்டிக் உறை.

2021 கடைசியில் யூடியூப் பிரபலம் லோகன் பால், சீல் உடைக்காத போக்கிமான் அட்டைப் பெட்டிகள் என்று 35 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். பேஸ்பால் பெட்டிகளுக்குச் சான்று கொடுக்கும் கம்பெனியே பார்த்து ஒப்புதல் தந்திருந்தது. பிறகு சந்தேகம் கிளம்பி, 2022 ஜனவரியில் கேமரா முன்னால் பிரித்தார்கள். உள்ளே ஜி.ஐ. ஜோ பொம்மைச் சிப்பாய் அட்டைகள். பிரிக்காமலே இருந்திருந்தால் அது இன்னும் 35 லட்சம் டாலர்!

இவ்வளவையும் கேட்ட பிறகும் என் அக்கா மகன் ஒரு பெட்டி வாங்கினான். நியூஜெர்ஸியில் இருக்கும் சிநேகிதன் கொண்டுவந்து கொடுத்தது, டாப்ஸ் குரோம். இந்த குரோம் அட்டை 90களின் நடுவிலிருந்து வருகிற பளபளப்புச் சாமான். மேலே உலோகப் பூச்சு, அடியில் அட்டை. பூச்சு ஈரம் குடிக்காது, அட்டை குடிக்கும். ஒரு பக்கம் மட்டும் உப்பினால் என்ன ஆகும்? அப்பளம் போல வளையும். நெருக்கி அடுக்கியிருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லாகிவிடும். காற்றில் ஈரம் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பார்கள் அந்த ஊர்க்காரர்கள். எங்கள் ஊரில் ஜூலை மாதம் 85. அது பொதுக்கணக்கு. கட்டர் தண்ணி வாசல் தாண்டுகிற அன்றைக்கு சதவீதம் பார்க்க யாருக்கு நேரம்?

ஆகவே பெட்டியை அக்ரிலிக் கூண்டில் போட்டு, கூண்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஷூ வாங்கும்போது வரும் சிலிக்கா பொட்டலங்களை ஊரெல்லாம் சேகரித்து அதில் கொட்டி, வெயில் படாத மாலாவில், அதாவது பரணில், ஏற்றினான். அந்த இடத்திலிருந்த பித்தளை அண்டா கட்டிலுக்கடியில் இறங்கியது. அம்மா கேட்டாள்.

"ஏலே, பிரிச்சுப் பாத்தியா?"

"பிரிக்கக் கூடாது ஆச்சி."

"பிரிக்காம உள்ள என்ன இருக்குன்னு எப்படில தெரியும்?"

"தெரியாம இருக்கதுக்குத்தான் ஆச்சி காசு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அமெரிக்கப் பொருளாதாரத்துக்குப் பொறுப்பில்லாதவன்போல ஃபேனைப் பார்த்தேன்.

"வெளையாடுறவன் ஆருன்னாவது தெரியுமா?"

"ஒருத்தனையும் தெரியாது."

"எவ்வளவு நாளைக்கு இது மேல கெடக்கணும்?"

"ஒரு முப்பது வருஷம்."

"அப்ப ரீடெவலப்மென்ட் பில்டிங் வந்த பொறகு லிஃப்ட்ல ஏத்திக்கலாம். இப்ப அண்டாவ மேல வை."