கை கழுவக் கிடாரி எங்கே?

வயல்வெளியில் ஒரு பிணம். கொன்றது யாரென்று தெரியாது. இதற்கு உபாகமம் 21ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. மூப்பர்கள் வந்து, பிணத்துக்குக் கிட்டத்தில் உள்ள ஊர் எதுவென்று அளக்க வேண்டும். அந்த ஊர்ப் பெரியவர்கள், நுகத்தடி படாத ஒரு கிடாரியை உழாத பள்ளத்தாக்குக்கு ஓட்டிப்போய், கழுத்தை முறித்து, அதன்மேல் கை கழுவி, இந்தச் சாவில் எங்களுக்குக் கையில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அளப்பது பிணத்தின் தொப்புளிலிருந்தா, மூக்கிலிருந்தா என்று ரப்பிகள் கட்டிப்புரண்ட சண்டைகூட, யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் பதிவாகியிருக்கிறது.

சிரித்துவிட்டு அடுத்த வரிக்கு வாருங்கள். ஊர்ப் பெரியவர்களா கொலைகாரர்கள், அவர்கள் எதற்கு இப்படிச் சொல்ல வேண்டும் என்று அதே மிஷ்னா கேட்கிறது. எங்களிடம் வந்தவனைச் சோறு போடாமல், வழித்துணை இல்லாமல் அனுப்பிவிடவில்லை என்பதுதான் அவர்கள் சொல்வதன் பொருளாம். கத்தி எவன் கையில் இருந்தாலும் கணக்கு கேட்கப்படுவது நாற்காலியில் இருப்பவனிடம்.

1982 செப்டம்பரில், யூதப் புத்தாண்டு பிறந்த அதே நாட்களில், பெய்ரூட்டின் சப்ரா, ஷத்தீலா அகதி முகாம்களுக்குள் லெபனானின் கிறிஸ்தவ ஆயுதக் குழுவான ஃபலாஞ்சிஸ்டுகளை இஸ்ரேல் ராணுவம் போகவிட்டது. பாலஸ்தீனர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். விசாரித்த கஹான் ஆணையம், கொன்றவன் வேறு என்றாலும் பொறுப்பு தீராது என்று சொல்ல, 1983 பிப்ரவரி அறிக்கையில் இந்தக் கிடாரியைத்தான் சாட்சிக்கு அழைத்தது. பாதுகாப்பு அமைச்சர் ஏரியல் ஷரோனுக்குத் தனிப்பட்ட பொறுப்பு உண்டு என்றது. ஷரோனும் அடிபணிந்தார். பாதுகாப்பு இலாகாவை விட்டுக்கொடுத்து, இலாகா இல்லாத அமைச்சராக அதே அமைச்சரவையில் உட்கார்ந்துகொண்டார். 2001இல் பிரதமரானார். அறிக்கையை நிறைவேற்று என்று ஜெருசலேமில் ஊர்வலம் போன எமில் க்ரூன்ஸ்வைக்தான் கையெறிகுண்டுக்குச் செத்தார். தவறியவனுக்குப் பதவி நின்றது, தட்டிக்கேட்டவனுக்கு உயிர் போனது.

சரி, அரசியல்வாதி அப்படித்தான். ஆண்டவனுக்கு அஞ்சுகிறவர்கள் என்ன வாழ்ந்தார்கள்? யோம் கிப்பூர் என்ற யூதப் பாவநிவாரண நாளில் தலைமை ஆசாரியன் ஊராரின் பாவத்தைத் தொடுவதற்கு முன் தன் பாவத்தையும் தன் வீட்டார் பாவத்தையும் அறிக்கையிட வேண்டும் என்பது விதி. ரப்பிகள் நடத்தும் ஷாஸ் கட்சியின் தலைவர் ஆர்யே தெரி 1999 மார்ச்சில் லஞ்ச வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. கட்சி என்ன செய்தது? தன் ஆன்மிகத் தலைவர் ரப்பி ஒவாதியா யோசெஃப் ஆசியோடு ‘அவர் நிரபராதி’ என்று முழங்கித் தேர்தலில் இறங்கி, 10 இடங்களை 17 ஆக்கியது. தெரி சிறைக்குப் போனார், வந்தார். 2022இல் வரி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், அதே ஆண்டு முடிவதற்குள் மறுபடி அமைச்சர். 10க்கு 1 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம்தான் அவரை வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. மனம் திரும்பச் சொன்னால் மந்திரிசபைக்குத் திரும்புகிறார்கள்.

2021 ஏப்ரல் 30 அதிகாலை. மெரோன் மலைத் திருவிழாவில், சறுக்கும் குறுகலான நடைபாதையில் நசுங்கி 45 பேர் செத்தார்கள், சிறுவர்கள் உட்பட. இடம் ஆபத்தானது என்று அரசுத் தணிக்கையாளர் 2008இலும் 2011இலும் எழுதியிருந்தார். காவல்துறைக்குப் பொறுப்பான அமைச்சர் அமீர் ஓஹானா, பொறுப்பு என்னுடையதுதான், ஆனால் பொறுப்பு வேறு குற்றம் வேறு என்றார். அடடா! மூவாயிரம் வருஷமாக ஒரு தீர்க்கதரிசிக்கும் தோன்றாத தத்துவம். 2024 மார்ச்சில் வந்த விசாரணை அறிக்கை, ஓஹானாவை இனி அந்த இலாகாவுக்கு அமைச்சராக்கக் கூடாது என்றது. அப்போது அவர் நாடாளுமன்ற சபாநாயகர். பிரதமர் நெதன்யாகுவுக்கும் தனிப்பட்ட பொறுப்பு உண்டு என்றது, ஆனால் அவர்மீது பரிந்துரை எதுவும் இல்லை.

பிறகு 2023 அக்டோபர் 7. ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பிணையாக இழுத்துச் செல்லப்பட்டார்கள். மூன்று வாரம் கழித்து, நள்ளிரவு தாண்டி, பிரதமர் ஒரு பதிவு போட்டார்: தன்னை யாருமே எச்சரிக்கவில்லை, உளவுத்துறைத் தலைவர்கள்தான் தவறாகக் கணித்தார்கள். விடிந்ததும் எதிர்ப்பு கிளம்ப, பதிவை அழித்துவிட்டு மன்னிப்பு கேட்டார். கவனியுங்கள், மன்னிப்பு அந்தப் பதிவுக்கு. அக்டோபர் 7க்கோ, எல்லோரும் பதில் சொல்ல வேண்டும், நானும்கூட, ஆனால் போர் முடிந்த பிறகு என்பதே பேச்சு. யோம் கிப்பூரில் பாவங்களைப் பன்மையில் அறிக்கையிடுவது, தனியொருவன் கூனிக்குறுகக் கூடாது என்று பார்க்கிற மரபு. அந்தப் பன்மைதான் இப்போது பிரதமருக்குப் பதுங்குகுழி. ராணுவ உளவுத் தலைவர் ஹலீவா 2024இல் போனார். தளபதி ஹலேவி 2025இல் போனார். பிரதமர் போகவில்லை, அரசு விசாரணை ஆணையமும் வேண்டாம் என்றார். காசாவில் கொல்லப்பட்ட பல்லாயிரம் பேரோ இந்த மன்னிப்புக் கணக்கில் ஏறவே இல்லை.

யோம் கிப்பூரில் எவ்வளவு மார்பில் அடித்துக்கொண்டாலும் சக மனிதனுக்குச் செய்த தீங்கு தீராது என்று யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் 12ஆம் நூற்றாண்டிலேயே சட்டமாக எழுதிவைத்தார். பாதிக்கப்பட்டவன் வாசலுக்கே போக வேண்டும். அவன் இறந்துபோயிருந்தால் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கல்லறையில் நின்று சொல்ல வேண்டும். காசா எல்லையோரம் உள்ள நீர் ஓஸ் கிப்புட்ஸில் சுமார் 400 பேர் இருந்தார்கள். அக்டோபர் 7 அன்று அவர்களில் நால்வரில் ஒருவர் கொல்லப்பட்டார் அல்லது கடத்தப்பட்டார். ஜெருசலேமிலிருந்து காரில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அக்டோபர் 7க்குப் பிறகு பிரதமர் அங்கே முதன்முறையாகப் போனது 2025 ஜூலை 3ஆம் தேதி.