சாம்பிள் தட்டும் ஜாவாப் பேராண்டியும்

வாடா பேராண்டி, உக்காரு. லீவுக்கு வந்தவன் போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி ஏறிக் குளுகுளுன்னு இருந்துட்டு வருவான்னு பாத்தா, திண்ணையில லேப்டாப்ப விரிச்சு “ரிக்வெஸ்ட்டக் காணோம்”னு கத்துற. ஒங்கப்பத்தா காணாமப் போனது மாடுன்னு நெனச்சு வேண்டுதலே வச்சுட்டா.

நான் ஏலக்காய் வியாபாரிதான். ஆனா நீ போன்ல மேனேஜர்கிட்ட வாங்கிக் கட்டுறதக் கேட்டுக் கேட்டே பாதி ஜாவா எனக்கு வந்துருச்சு. கன்ட்ரோலருக்கு வந்த ரிக்வெஸ்ட்ட சர்வீஸுக்குக் குடுத்து, அது இன்னொண்ணுக்குக் குடுத்து, கடைசில ஐபி முகவரி பாக்கறது ஒரே ஒரு மெத்தடு. நடுவுல நிக்கிறவனெல்லாம் எதுக்குடா செமக்கணும்? கன்ஸ்ட்ரக்டர்ல ‘ஹெச்டிடிபி சர்வ்லெட் ரிக்வெஸ்ட் வேணும்’னு எழுது, ஸ்ப்ரிங்கே கொண்டாந்து குடுக்கும். ‘டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன்’னு 2004ல மார்ட்டின் ஃபௌலரு கட்டுரை எழுதித்தான் இந்தப் பேரு ஊரெல்லாம் பரவுச்சாம்.

நம்மூரு ஏல ஹாலப் பாத்துருக்கல்ல? நறுமணப் பொருள் வாரியம் விலை கேக்கறதக் கம்ப்யூட்டருக்கு மாத்திருச்சு. ஆனாலும் காயத் தொட்டுப் பாக்காம எவன் கேப்பான்? ஒவ்வொரு லாட்டுக்கும் சாம்பிள் தட்டு மேசைக்கே வரும்; வியாபாரி குடோனுக்கு ஓடமாட்டான். அதுல ஒரு புத்திசாலி, மொத லாட்டுக் காயப் பைக்குள்ள போட்டுக்கிட்டு, அதையே தடவித் தடவி நாள் பூரா விலை கேட்டா?

அவந்தான் நீ. ஒன் சர்வீஸு சிங்கிள்டன், எல்லாருக்கும் ஒண்ணே. மெத்தடுக்கு வந்த அசல் ரிக்வெஸ்ட்ட அதோட ஃபீல்டுல பதுக்கி வச்சா, கம்பத்துக்காரன் கணக்கு குமுளிக்காரனுக்குத் தெரியும். டாம்கேட்டு வேற, வேல முடிஞ்ச ரிக்வெஸ்ட் பொருளையே அடுத்தவனுக்கும் எடுத்து ஓட்டும். ஸ்ப்ரிங்கு ஊட்டுறது அசல் இல்லடா, ப்ராக்ஸி. கூப்புடுறப்பவெல்லாம் ‘இந்த த்ரெட்டுல இப்ப ஓடுறது யாரு’ன்னு பாத்துச் சொல்லும். சிடிஐ பக்கமும் 2013ல, ஜாவா இஇ 7லயே, இந்த வசதி வந்தாச்சு.

சரி, காணாமப் போன கதைக்கு வா. ‘அசிங்க்’னு போட்டு வேலைய வேற த்ரெட்டுக்குத் தள்ளிவிட்ட. பேருலயே அசிங்கம் இருக்கு, படாம இருப்பியா? அந்த த்ரெட்டுல ரிக்வெஸ்ட்டே கட்டலையே, ‘இல்லீகல் ஸ்டேட் எக்ஸெப்ஷன்’னு கத்தாம என்ன செய்யும்! வேணுங்கிற ஐபி, யூசர் பேரு ரெண்டையும் முன்கூட்டியே எடுத்து அனுப்பு. ‘இன்ஹெரிட்டபிள்’னு ஒரு சுவிச்சு இருக்குன்னு எவனாவது ஓதுவான். த்ரெட் பூல்ல அது பழைய ஆளோட ரிக்வெஸ்ட்டத் தூக்கிக்கிட்டுத் திரியும். நம்பலன்னா போட்டுப் பாரு, மேனேஜரு ஒனக்குத்தான, எனக்கா?