கல்லாவை விட்டு எழுதல்: மளிகைக் கடை முதலாளியின் பணிக்குறைப்பு பற்றிய ஆய்வு

மளிகைக் கடை முதலாளியின் வேலைகளைச் சில்லறைப் பணி, பெரும்பணி என இரண்டாகப் பகுத்துக்கொண்டாலன்றி இவ்வாய்வு ஓரடியும் நகராது. செய்த மறுகணமே முடிந்துவிடுவது சில்லறைப் பணி. புளியை நிறுத்துக் கொடுத்தல், கிழிந்த பத்து ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தல், பாக்கி நோட்டில் விரலை ஓட்டிப் பெயர் தேடுதல் ஆகியன இதில் அடங்கும். எப்போது முடியும் என்று கேட்டால் "பார்க்கலாம்" என்ற விடையை மட்டுமே தருவது பெரும்பணி. இரண்டாவது கிளை திறத்தல் இதற்குத் தலையாய சான்று.

முன்னதைக் குறைத்துப் பின்னதில் கருத்தூன்ற வேண்டும் என்பதில் அறிஞரிடையே பிணக்கில்லை. ஆளறிந்து வேலையை ஒப்படைப்பதற்கென்றே வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்னும் அதிகாரத்தை ஒதுக்கினார். அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் டெய்லரோ, வழக்கத்துக்கு மாறானவை மட்டுமே மேலாளரிடம் வர வேண்டும், ஏனையவை கீழேயே தீர்ந்துவிட வேண்டும் என்று 1903இல் எழுதினார். டெய்லரின் கொள்கையை மளிகைக் கடையில் பொருத்துவதில் உள்ள இடர்ப்பாடு ஒன்றுதான்: கடைப் பையன் கட்டும் ஒவ்வொரு பொட்டலமும் முதலாளியின் கண்ணுக்கு வழக்கத்துக்கு மாறானதாகவே படுகிறது.

எனினும் முதலாளி எதையுமே கைவிடுவதில்லை என்பது அவதூறு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வரிக் கணக்கை ஆடிட்டரிடம் விட்டார். மண்டிக்குப் போய்ச் சரக்கு பிடிப்பதை மைத்துனரிடம் விட்டார். கிளைக்கு இடம் பார்ப்பதைத் தரகரிடம் விட்டார். கல்லாவை மட்டும் விடவில்லை. பணம் வந்த செய்தியை ஒலிப்பெட்டி தெருவுக்கே கேட்கும்படி அறிவித்த பின்னரும், வாடிக்கையாளரின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தே அவர் தலையசைக்கிறார். இங்கே ஆய்வாளர் உற்றுநோக்க வேண்டியது கைவிடலின் வரிசையை: பெரியவை முதலில் போகின்றன, சிறியவை கடைசிவரை நிற்கின்றன.

இதற்குச் சோம்பலைக் காரணம் காட்டுவது பிழை; காலை ஐந்து மணிக்குக் கடை திறப்பவரைச் சோம்பேறி என்பார் எவருமில்லை. உண்மைக் காரணத்தைப் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் பார்க்கின்சன் 1957இல் வெளிவந்த தம் நூலில் தொட்டார். அதில் வரும் கற்பனை நிதிக்குழு, அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் தந்துவிட்டு, சைக்கிள் கொட்டகையைப் பற்றி முக்கால் மணி நேரம் வாதிடுகிறது; ஏனெனில் கொட்டகை எல்லோருக்கும் புரிகிறது. நூறு கிராம் புளி முள்ளைத் தாண்டினால் நட்டம் எவ்வளவு என்பது முதலாளிக்கு உடனே புரிகிறது; இரண்டாவது கிளை நட்டமடைந்தால் எவ்வளவு என்பது எவருக்கும் புரிவதில்லை, புரியாதவரை அச்சமும் தீர்வதில்லை.

ஆகவே முதலாளியைத் திருத்த விரும்பும் பிள்ளைகள் கல்லாச் சாவியைக் கேட்டு வீணே சண்டையிட வேண்டாம்; கிளை திறந்தால் ஆகும் நட்டத்தையும் நூறு கிராம் புளிக் கணக்கில் எழுதிக் காட்டுவார்களாக.